தெருவுக்கு எந்த ரோடு கேட்பது? சேலம், ஏற்காடு சாலைகளும் சுற்றுச்சூழலும்

மூக்கனேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கன்னங்குறிச்சியில் ஏரியைப் பார்த்துச் சரியும் சின்னத் தெரு எங்களுடையது. ரோட்டின் மேலேயே ரோடாகப் பல தடவை போட்டுவிட்டார்கள். இப்போது மறுபடியும் அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்த முறையாவது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவான ரோடாகக் கேட்டு மனு கொடுக்கலாம் என்று தெருக்காரர்கள் சேர்ந்து முடிவு செய்தோம்.

எதைக் கேட்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பிளாஸ்டிக் ரோடு கேட்கலாம், குப்பையும் குறையும் என்கிறார் ஒருவர். கான்கிரீட் போட்டால் முப்பது வருசத்துக்குத் தொட வேண்டாம் என்கிறார் இன்னொருவர். பேவர் பிளாக் போட்டால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் என்கிறார்கள் பெண்கள். எங்கள் தெருத் தண்ணீர் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது, அதனால் எனக்கு இது வெறும் ரோட்டு விஷயமாகத் தெரியவில்லை. சாலை வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏற்காடு மலைப்பாதையைப் பற்றித் தெரிந்தவர்களும் எழுதினால் நல்லது, அங்கே ஒவ்வொரு பெருமழைக்கும் ஏதாவது ஓரிடம் சரிகிறது.

சிவில் வாத்தியார்:
பொறியியல் கல்லூரியில் சாலைப் பாடம் நடத்துகிறேன். பிளாஸ்டிக்கில் இருந்தே ஆரம்பிக்கிறேன், மனு எழுதுகிற எல்லாருக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

இது நம் தமிழ்நாட்டில் வளர்ந்த முறை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுக் காட்டினார். 2013-இல், சாலை வேலைக்குத் தர நெறிகள் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மதிக்கத்தக்க வேலை, அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் அளவைப் பாருங்கள். மூன்றே முக்கால் மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம், 25 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 220 டன் தார்க்கலவை வேண்டும். அதில் பிட்டுமின் (தார்) ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது 11 டன். பிட்டுமினில் 8 சதவீதம் பிளாஸ்டிக் என்றால் ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 200 டன்னுக்கு மேல் கல். இது மேல்பூச்சுக்கு மட்டும் ஆன கணக்கு. அடியில் கிராவல், வெட்மிக்ஸ் என்ற ஈர ஜல்லிக்கலவை எல்லாம் சேர்த்தால் கல்லின் கணக்கு பல மடங்கு ஏறும். அந்தக் கல் ஏதோ ஒரு குன்றை வெடி வைத்து உடைத்து, கிரஷரில் அரைத்து, டிப்பரில் ஏற்றி வருவது. ரோட்டின் சுற்றுச்சூழல் கணக்கைப் பேசுகிறவர்கள் முதலில் அந்த 200 டன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

ரோலர் மேஸ்திரி:
வாத்தியார் சார் கணக்கு சரிங்க. நான் தார்க்கலவை தயாரிக்கற ஹாட் மிக்ஸ் பிளாண்ட்லயும் சைட்லயும் வேலை பார்த்தவன், நடைமுறையைச் சொல்றேன். பிளாஸ்டிக்கைப் பொடிப்பொடியா வெட்டி, 160, 170 டிகிரிக்குச் சூடான ஜல்லி மேல தூவணும். அது உருகி ஜல்லி மேல பூச்சா ஒட்டிக்கும். அதுக்கப்புறம்தான் தார் ஊத்தணும். அந்தப் பூச்சு தண்ணியைத் தடுக்கறதால தார் ஜல்லியை விட்டு சீக்கிரம் உரியாது. லாபம் அதுலதான்.

ஆனா எல்லா பிளாஸ்டிக்கும் ஆகாது. கேரி பேக், பால் பாக்கெட் மாதிரி சரக்கு ஆகும், அதுவும் கழுவிக் காய வச்சிருக்கணும். பி.வி.சி. பைப், ஃபிளெக்ஸ் பேனர் இதெல்லாம் கலந்துட்டா சூட்டுல வர்ற புகை விஷம். பக்கத்துல நிக்கறவன்தான் மூச்சுல இழுக்கணும். மனுவுல பிளாஸ்டிக் கேட்டீங்கன்னா "தரம் பிரித்தது"ன்னு சேர்த்து எழுதுங்க.

இன்னொண்ணு. நான் பார்த்த வரைக்கும் ரோட்டைக் கெடுத்தது தண்ணிதாங்க. தார்ல சின்ன விரிசல் விட்டா போதும், அதுல இறங்கி அடியில இருக்கற வெட்மிக்ஸை ஊற வச்சிடும். மேல லாரி சக்கரம் ஏறும்போது அந்தத் தண்ணி அமுங்கி, மண்ணையும் தூளையும் வெளியே துப்பும். அடியில பொந்து விழும், அடுத்த மழைக்குப் பள்ளம். இதுக்கு மருந்து ரெண்டே ரெண்டு. ரோட்டுக்கு வாட்டம் வேணும், ஓரத்துல தண்ணி ஓட வழி வேணும். வாட்டம்னா நூத்துக்கு ரெண்டு, ரெண்டரை. உங்க மாதிரி சின்னத் தெருவுல நடு, ஓரத்தைவிட ரெண்டு, மூணு விரக்கடை உசந்திருந்தா சரியா இருக்கும். அது இல்லாம எதைக் கலந்து போட்டாலும் நிக்காது.

மூக்கனேரிக்கரை:
மேஸ்திரி அண்ணா, எங்கள் தெருவில் ஒரு பக்கம் சாக்கடை இருக்கிறது. அதன் மேல் வீட்டுக்கு வீடு வண்டி ஏற்றச் சரிவு கட்டி மூடிவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் ரோட்டிலேயேதான் ஓடுகிறது.

ரோலர் மேஸ்திரி:
அப்ப உங்க தெருவுல சாக்கடை இல்லைன்னே வச்சுக்கங்க. அந்தச் சரிவுங்களைத் தெருக்காரங்களே பேசி எடுத்தாத்தான் ஆகும். கான்ட்ராக்டர் அதுல கை வைக்க மாட்டார், சண்டைக்கு வருவாங்கன்னு பயம்.

அம்மாபேட்டை தறி:
ரோடு உயரமாவதைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறி. என் மாமனார் காலத்தில் வாசல்படி ரோட்டுக்கு மேலே இரண்டு படி ஏறி இருந்ததாம். இப்போது ரோட்டில் இருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. பெரிய மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் வந்து நிற்கிறது. பாவு நூல் நனைந்தால் அந்தச் சேலை போச்சு. குழி காய்ந்து மறுபடி கால் வைக்க நாள் ஆகும், அதுவரை கூலியும் இல்லை. வசதி உள்ளவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொள்கிறார்கள். நாங்கள் எங்கே போவது? ரோடு போட வந்தவர்களிடம் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று கேட்டோம். எஸ்டிமேட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சிவில் வாத்தியார்:
அம்மா, நீங்கள் கேட்டதற்கு அரசு உத்தரவே இருக்கிறது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதைப் பற்றி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குத்தான் புதியது போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்பது அதன் சாரம். மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எஸ்டிமேட் போடும் முன்பே மனு போய்ச் சேர வேண்டும், மேஸ்திரி ஆட்களோடு வந்து இறங்கிய பிறகு கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் மேலே சொன்ன 200 டன் கல்லோடு இது நேரடியாகச் சேர்கிறது. சுரண்டி எடுத்த தார்த்தூள் குப்பை கிடையாது. அதில் நல்ல ஜல்லியும் இருக்கிறது, பிட்டுமினும் இருக்கிறது. அந்தப் பிட்டுமின் பல வருட வெயிலில் இறுகிப் போயிருக்கும், அதனால் அதை அப்படியே போட முடியாது. புதிய கலவையோடு அளவாகச் சேர்த்து, தேவைப்பட்டால் இளக்கும் எண்ணெய் சேர்த்துப் பிளாண்டில் கலக்கலாம். இதற்கும் 2015-இல் தனி நெறிமுறை வந்துவிட்டது. சுரண்டியதைப் பிளாண்டுக்குத் திருப்பி அனுப்பினால் குன்றில் இருந்து அந்த அளவுக்குக் கல் குறைவாக உடைத்தால் போதும், கப்பலில் வரும் கச்சா எண்ணெயில் இருந்து எடுக்கும் பிட்டுமினும் மிச்சம். ஆனால் நம் ஊரில் அந்தத் தூள் பெரும்பாலும் காலி மனையை நிரப்பவும் பள்ளத்தை மூடவும் போய்விடுகிறது. எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

ரோலர் மேஸ்திரி:
சின்னத் தெருவுக்குப் பழைய தாரைச் சுரண்டற மில்லிங் மெஷின் நுழையாதுன்னு ஒரு பதில் வரும். சின்ன மெஷினும் இருக்குங்க. அது கிடைக்கலைன்னா ஜேசிபி வச்சுப் பெயர்த்து அள்ளலாம், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம், குடிதண்ணிக் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள் எல்லாத்துக்கும் தோண்டற வேலையை முடிச்சிட்டு ரோடு போடச் சொல்லுங்க. புது ரோடு போட்ட கையோட குழாய்க்குத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போனா, அந்தக் கீறல் வழியா முதல் மழையிலயே தண்ணி அடிக்குப் போயிடும். ஆறு வருசம் வரவேண்டிய ரோடு ரெண்டு வருசத்துல போயிடும். மூணு மடங்கு தார், மூணு மடங்கு ஜல்லி, மூணு மடங்கு டீசல்.

மேட்டூர் அனல்:
கான்கிரீட் பற்றி யாரும் பேசவில்லையே என்று வருகிறேன். கான்கிரீட் ரோட்டின் குறை சிமென்டில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு, சிமென்டாக அரைக்கும் கிளிங்கர் கட்டி ஆக்கும்போது, எரிபொருளில் இருந்து வரும் கரியமில வாயு ஒரு பக்கம், கல்லுக்குள் இருந்தே வெளியேறுவது இன்னொரு பக்கம். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 800, 900 கிலோ கரியமில வாயு. ஆனால் கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலோ, இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடோ சேர்க்கலாம். சாம்பல் சேர்ந்த பி.பி.சி. சிமென்டில் 35 சதவீதம் வரைக்கும், ஊது உலைக் கசடு சேர்ந்த சிமென்டில் 70 சதவீதம் வரைக்கும் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. சேலம் மாவட்டத்தில் இரண்டுக்கும் மூலம் பக்கத்திலேயே இருக்கிறது: மேட்டூர் அனல் மின் நிலையம், பொட்டனேரி இரும்பாலை. வெகுதூரத்தில் இருந்து கொண்டுவரத் தேவையில்லை.

சாம்பலை வேறு வகையிலும் பயன்படுத்தலாம். மேட்டூரில் இரண்டு நிலையங்களும் சேர்ந்து 1,440 மெகாவாட், அத்தனைக்கும் நிலக்கரி எரிகிறது. நிலையத்தின் சாம்பல் குளத்தில் சேருவதை மேம்பால அணுகுசாலை, உயர்த்திக் கட்டும் சாலைக்கரை இவற்றுக்கு மண்ணுக்குப் பதிலாக நிரப்பலாம். அனல் நிலையத்தில் இருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலை வேலைகளுக்குச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பர் 31-ஆம் தேதி அறிவிக்கையே இருக்கிறது. அப்படி நிரப்பினால் ஏரியிலும் வயலிலும் கிராவல் மண் அள்ளுவது அந்த அளவுக்குக் குறையும்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாம்பலைத் திறந்தபடி விட்டால் காற்றில் பறக்கும், மழையில் கரைந்து நீர்நிலைக்குப் போகும். பக்கவாட்டிலும் மேலேயும் நல்ல மண்ணால் மூடிக் கட்ட வேண்டும். மூடாத லாரியில் சாம்பல் போனால் என்ன ஆகும் என்பது மேட்டூர்க்காரர்களுக்குத் தெரியும். கதவு, ஜன்னல், காயப்போட்ட துணி எல்லாம் சாம்பல்.

சிவில் வாத்தியார்:
கசடு பற்றி ஒரு திருத்தம், இரண்டு வகையையும் பலர் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். ஊது உலைக் கசடு சிமென்டுக்கு ஆகும். எஃகு உருக்கும்போது வரும் கசடு வேறு. அது ஜல்லிக்குப் பதிலாகவே ஆகும், நல்ல கடினம். 2022-இல் சூரத் அருகே ஹசீராவில் ஆறு வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஜல்லிக்குப் பதில் முழுக்க எஃகுக் கசடையே போட்டுக் காட்டினார்கள், மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மேற்பார்வையில். ஆனால் அதில் எதோடும் சேராமல் மிஞ்சிய சுண்ணாம்பு இருக்கும். தண்ணீர் பட்டால் அது உப்பும், ரோடு வீங்கி வெடிக்கும். மாதக்கணக்கில் வெளியில் போட்டு நனைத்து ஆற வைத்த பிறகே எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகின் கசடில் குரோமியமும் உண்டு, அதை நீர்க்கசிவுச் சோதனை செய்யாமல் ஏரிக்கரையில் கொட்டவே கூடாது. கன்னங்குறிச்சித் தெருவுக்கு இதைக் கேட்கச் சொல்ல மாட்டேன். பெரிய சாலைக்கு நல்ல வழி.

மூக்கனேரிக்கரை:
அப்போது பேவர் பிளாக்? எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள்.

சிவில் வாத்தியார்:
பிளாக்குக்கு அடியில் என்ன போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மணல் படுகையும் அதன் கீழ் ஜல்லியும் இருந்து, இடுக்கில் மணல் மட்டும் நிரப்பினால் ஓரளவு தண்ணீர் இறங்கும். அடியில் கான்கிரீட் தளம் ஊற்றி, இடுக்கைச் சிமென்டால் பூசிவிட்டால் அது கான்கிரீட் ரோடுதான், ஒரு சொட்டும் இறங்காது. நடைபாதைக்கும் வண்டி குறைவான சந்துக்கும் நல்லது. ஒரு பெரிய வசதி உண்டு: குழாய்க்குத் தோண்ட வேண்டியிருந்தால் பிளாக்கை எடுத்துவிட்டு அதையே திரும்பப் பதிக்கலாம், உடைத்து வீணாக்க வேண்டாம். உங்கள் தெரு ஏரிக்குச் சரிகிறது என்றீர்கள். சரிவான இடத்தில் ஓரக் கட்டைக்கல் உறுதியாக இல்லாவிட்டால் மழையில் மணல் அரித்துப் பிளாக் நகர்ந்துவிடும்.

எந்த ரோடாக இருந்தாலும் மரத்தின் அடியை விட்டுப் போடச் சொல்லுங்கள். அடிமரத்தை ஒட்டித் தாரோ கான்கிரீட்டோ ஊற்றுவதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம். சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரிய வேண்டும்.

சங்ககிரி லாரி:
லாரி ஓட்டுறவங்க பக்கத்தையும் கேளுங்க. ரோடு கெட்டா முதல் குத்தம் எங்க மேலதான் விழும். பாரம் கூடினா ரோடு கெடும், அதை மறுக்கலை. ஆனா பாரம் ஏத்தச் சொல்றவங்க யாரு? ஜல்லி, எம்-சாண்ட் டிப்பரைப் பாருங்க, ரோடு போடற வேலைக்கே சரக்கு ஏத்திக்கிட்டு வர்ற வண்டிதான் அளவுக்கு மீறி ஏத்தி வருது. கிராமத்து ரோட்டுல அது நாலு மாசம் ஓடினா அந்த ரோடு காலி. அப்புறம் அதுக்கும் ஜல்லி வேணும். குவாரியில எடை மேடை வச்சு, அங்கேயே அளவு பார்த்து அனுப்பினா பாதிப் பிரச்சினை தீரும். நாங்களும் அதைத்தான் கேக்கறோம், அளவா ஏத்தறவனுக்கு வாடகை கட்டுப்படியாகணும்.

ரோடு மேடும் பள்ளமுமா இருந்தா டீசல் கூடக் குடிக்கும், டயர் தேயும். நல்ல ரோடு இருந்தா எங்களுக்கும் லாபம், புகையும் குறைவு.

சிவில் வாத்தியார்:
லாரிக்காரர் சொன்னதற்கு எண்ணிக்கையில் ஆதாரம் இருக்கிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சோதனைச் சாலை அமைத்து, லாரிகளை ஓட்டியே பார்த்தார்கள். அச்சுப்பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. நம் நாட்டில் 2018-இல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 11.5 டன் ஆக்கினார்கள். பாரம் 13 சதவீதம்கூட ஏறவில்லை, அந்தக் கணக்கின்படி சேதம் 60 சதவீதம் கூடுகிறது. இது சட்டப்படி ஏற்றும் பாரத்துக்கே. காரும் பைக்கும் ரோட்டைத் தேய்ப்பது இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சேர்வராயன் காபி:
ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குச் சின்னதாகக் காபித் தோட்டம், மிளகும் இருக்கிறது. மூக்கனேரிக்கரை தம்பி மலைப்பாதை பற்றிக் கேட்டிருந்தார்.

இங்கே ரோடு என்றால் தாரைப் பார்க்கும் முன்னால் மேட்டைப் பாருங்கள். அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. மலையை வெட்டித்தான் ரோடு, ஒரு பக்கம் வெட்டுச்சுவர், மறு பக்கம் பள்ளம். மழைக்காலத்தில் மேலே இருந்து இறங்கும் தண்ணீர் ஓரக்கால்வாயில் ஓடி, ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தின் வழியாகப் பள்ளத்துக்குப் போக வேண்டும். ஓரக்கால்வாய் மண்ணும் சருகும் விழுந்து தூர்ந்து கிடக்கிறது. சிறுபாலத்தின் வாயில் பிளாஸ்டிக் பாட்டிலும் தின்பண்டப் பையும் அடைத்துக்கொள்கின்றன, எல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் வண்டியில் இருந்து எறிவது. தண்ணீர் வழி தெரியாமல் ரோட்டில் ஏறி, வளைவில் திரும்ப முடியாமல் பள்ளத்துப் பக்கத்துக் கரையை அரித்துக்கொண்டு இறங்குகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து மலைப்பாதையை மூட வேண்டி வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். காபி பறிக்கும் காலம் அது. ஆள் வர முடியவில்லை, சரக்கு இறங்கவில்லை.

சரிந்த இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். சில இடத்துக்குச் சுவர்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறத் துளை விடாவிட்டால், அந்தத் தண்ணீரே சுவரைத் தள்ளும். துளை விட்டும் அதன் பின்னால் ஜல்லி வடிகட்டி போடாவிட்டால் மண் அடைத்துக்கொள்ளும். கம்பி வலைக்குள் கல் அடுக்கிக் கட்டும் சுவரில் இந்தத் தொல்லை குறைவு, தண்ணீர் இடுக்கு வழியாகத் தானே போய்விடும், மண் சற்று அசைந்தாலும் சேர்ந்து அசைந்து நிற்கும். சரிவில் தென்னைநார்ப் பாய் விரித்துப் புல்லோ வெட்டிவேரோ நட்டால் இரண்டு மழைக்குள் வேர் பிடித்துவிடும். பாய் மக்கிப்போகும் நேரத்தில் வேர் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த மலையில் இருந்துதான் திருமணிமுத்தாறு சேலத்துக்கு இறங்குகிறது. ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டால், அது ஓடையில் விழுந்து, கீழே ஏரி வரைக்கும் சேறாகப் போய்ச் சேரும். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று முதலிலேயே இடம் ஒதுக்காத மலைச்சாலை வேலையை, எந்தப் பொருளில் போட்டாலும், பசுமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரோலர் மேஸ்திரி:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். பிளாண்ட் கீழே சமவெளியில இருக்கும். 150 டிகிரியில ஏத்தின கலவை இருபது வளைவு ஏறி, மலைக்காத்துல, சாரல்ல போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடும். 90 டிகிரிக்குக் கீழே போயிட்டா ரோலரை எத்தனை தடவை ஓட்டினாலும் இறுகாது. இறுகாத ரோட்டுல தண்ணி சுலபமா நுழையும். மலை ரோடு சீக்கிரம் பெயர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சிவில் வாத்தியார்:
அதற்குத்தான் வார்ம் மிக்ஸ் என்ற முறை இருக்கிறது. ஒரு சேர்மானம் கலந்தால் 20 முதல் 40 டிகிரி குறைந்த சூட்டிலேயே தார் ஜல்லியில் நன்றாகப் பரவும், ரோலரில் இறுகும். சுட எரிக்கும் எண்ணெய் குறையும், புகையும் குறையும். சூட்டைக் குறைக்காமல் வழக்கமான அளவிலேயே ஏற்றி அனுப்பினால் மலைக்குப் போய்ச் சேரும்போதும் இறுகும் பதத்தில் இருக்கும். ஏற்காட்டுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். போக்குவரத்துக் குறைவான தோட்டத்துச் சாலைகளுக்குக் குளிர் கலவை உண்டு. பிட்டுமினைத் தண்ணீரில் பால்போலக் கலக்கிய எமல்ஷன், எதையும் சுட வேண்டாம். மழை இல்லாத நாளில் போட்டுத் தண்ணீர் பிரிந்து காய நேரம் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான்.

ரோலர் மேஸ்திரி:
சூடு குறைஞ்சா ஆளுங்களுக்கும் நல்லதுங்க. சித்திரை வெயில்ல, கொதிக்கற தார்ல, காலுல சாக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டுப் பெண்கள் கூடை சுமந்து போடறதை எத்தனையோ வருசம் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். இருமல் இல்லாத தார் ஆளு அபூர்வம். சுற்றுச்சூழல்னு பேசறப்ப மரம், ஏரி எல்லாம் சொல்றோம். ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கற உசிரு அந்த ஆளுங்கதான். நல்ல பூட்ஸ், கையுறை, நிழல், குடிக்கத் தண்ணி இதெல்லாம் எஸ்டிமேட்டுல வரணும்.

மேட்டூர் அனல்:
மேஸ்திரி சொன்னதை மனுவில் கட்டாயம் சேருங்கள்.

அம்மாபேட்டை தறி:
சாலையோரப் புளியமரங்களையும் விட்டுவிடாதீர்கள். அகலப்படுத்துகிறோம் என்று வெட்டியவை போக மிச்சம் இருப்பதையாவது காக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு அந்தப் புளியில் ஏல வருமானமும் வருகிறது. நிழலில் இருக்கும் ரோடு வெயிலில் இருப்பதைப்போலச் சீக்கிரம் வெடிப்பதில்லை.

சிவில் வாத்தியார்:
உண்மை. பிட்டுமினை இறுக்கிக் கெடுப்பது வெயிலும் காற்றும்தான், நிழல் அதைத் தாமதப்படுத்தும். ஒன்று பார்க்க வேண்டும், இலையில் இருந்து சொட்டும் தண்ணீர் வடிய வாட்டம் இருக்க வேண்டும்.

சங்ககிரி லாரி:
பெரிய ரோட்டைப் பத்தியும் பேசுங்க. சென்னைக்கு எட்டு வழிச் சாலை வந்தா தூரம் குறையும், டீசல் மிச்சம், அதுவும் சூழலுக்கு நல்லதுதான்னு சொல்றாங்க. உங்க கருத்து என்ன?

சேர்வராயன் காபி:
277 கிலோமீட்டர் புது ரோடு, விளைநிலத்தையும் காட்டையும் கிணற்றையும் தாண்டி. 2018-இல் இந்தப் பக்கத்து விவசாயிகள் நிலத்தில் கல் நட விடாமல் நின்றார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. டீசல் மிச்சத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் அந்த நீளத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு மண், எத்தனை மரம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். வாணியம்பாடி வழியாகவும் உளுந்தூர்ப்பேட்டை வழியாகவும் சென்னைக்கு ஏற்கெனவே நெடுஞ்சாலை இருக்கிறது. இருப்பதை நன்றாக வைத்துக்கொண்டாலே பெரும்பாலான தேவை தீரும் என்பது என் எண்ணம்.

சங்ககிரி லாரி:
உளுந்தூர்ப்பேட்டை ரோட்டுல இரண்டு வழியா சுருங்கற புறவழிச் சாலை எங்கெல்லாம் இன்னும் இருக்கோ, அதைச் சரி பண்ணினாலே எங்களுக்கு நேரம் மிச்சமாகும். அதை ஒத்துக்கறேன்.

மூக்கனேரிக்கரை:
நேற்றுத் தெருக்கூட்டத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். வீட்டுச் சரிவுகளை எடுக்கப் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள், மீதிப் பேரிடம் பெண்கள் பேசுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, குழாய் வேலையை முன்பே முடிப்பது, சாக்கடையைத் திறப்பது ஆகியவற்றை முதலில் எழுதுகிறோம். பிளாஸ்டிக் கலப்பதைக் கடைசி வரியில் கேட்கிறோம். ஏரியில் போய்ச் சேரும் இடத்தில் மண்ணும் குப்பையும் தங்க ஒரு தொட்டியும் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

சிவில் வாத்தியார்:
மிகச் சரி. வண்டல் தங்கும் தொட்டி, கம்பி வலையோடு. ரோட்டில் இருந்து கழுவி வரும் டயர்த்தூள், எண்ணெய்ப் படிவு, மண் இவற்றில் பெரும்பகுதி அதில் படியும். தூர் வாரும் பொறுப்பு யாருடையது என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

சேர்வராயன் காபி:
மேஸ்திரி அண்ணா, எங்களுக்கு ஒரு சந்தேகம். மலையில் சிறுபாலங்களைத் தூர் வார எப்போது மனு கொடுத்தால் மழைக்குள் வேலை முடியும்?

ரோலர் மேஸ்திரி:
ஆடியிலயே கொடுத்துடுங்க அக்கா. ஆவணி, புரட்டாசிக்குள்ள வாரினாத்தான் ஐப்பசி மழைக்குத் தண்ணி ஓடும். எந்தெந்தச் சிறுபாலம் அடைச்சிருக்குன்னு வளைவு நம்பரோட, போட்டோவோட எழுதுங்க. வாரின மண்ணைக் கால்வாய் ஓரத்துலயே குவிச்சு வைக்க விடாதீங்க, முதல் மழையில அதுவே திரும்ப உள்ளே போயிடும்.

மூக்கனேரிக்கரை தம்பிக்கு: பழசைச் சுரண்டி, வெட்மிக்ஸ் போட்டு ரோலர் ஓட்டினதும், தார் போடறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேட்டுப் பக்கம் நின்னு நாலு குடம் தண்ணியை ஊத்திப் பாருங்க. ரெண்டு ஓரத்துக்கும் பிரிஞ்சு ஓடினா சரி. நடுவுல எங்கேயாவது தேங்கினா அந்த இடத்துல சுண்ணாம்புல வட்டம் போட்டு, காலையில சூப்பர்வைசர் வந்ததும் காட்டுங்க. தார் விழுந்தப்புறம் அதைச் சரி பண்ண முடியாது.